தவளை விமானி

வீரமணி அன்று மத்தியானம் ஒரு முடிவெடுத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை விமானத்தைக் குதிக்கவிடாமல் தரையிறக்குவது. முடியாமல் போனால் கம்ப்யூட்டரையும் ஜாய்ஸ்டிக்கையும் பொம்மிடியில் இருக்கும் மச்சானிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, மிச்ச ஆயுளைத் தரையிலேயே கழிப்பது.

முடிவைக் கேட்பதற்கு வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி ஐந்து மாதக் கைக்குழந்தை. இன்னொருத்தி, அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்த அவன் மனைவி வெண்மதி.

"கேட்டியா வெண்மதி?"

"ஸ்ஸ்."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"இப்பதாங்க கண்ண மூடறா. நீங்க அப்புறமா முடிவெடுங்க."

வீரமணி முடிவை ஒத்திவைத்தான்.

கடத்தூருக்கு வெளியே இருந்த மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் அவன் ஸ்டோர் பார்ப்பவன். சீசனில் ராத்திரி பகல் தெரியாது. சீசன் முடிந்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கே வீடு வந்துவிடலாம். அப்படி வந்து உட்கார்ந்த மத்தியானங்களில்தான் அவனுக்கு இந்தப் பறக்கும் பைத்தியம் பிடித்தது. நிஜ விமானத்தில் அவன் ஏறியதில்லை. அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் சேலம் விமான நிலையத்திலிருந்து கிளம்பி, சேர்வராயன் மலையைச் சுற்றி, கடத்தூர் மேலே பறந்து வருவான். திரையில் தன் வீட்டை ஒருமுறை தேடிக்கூடப் பார்த்தான். வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பனைமரம் நின்றது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இவனைப் போன்றவர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. ஓசூர், சேலம், கிருஷ்ணகிரி என்று அங்கங்கே உட்கார்ந்துகொண்டு எல்லோரும் ஒரே வானத்தில் பறப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் நிஜ விமானத்தில் ஏறினதில்லை. ஏறின மீதிப் பேர் அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. கிளப்புக்குத் தலைவர் ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும், யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் கிருஷ்ணப்பன். ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால்தான் பரீட்சை. மூன்று தடவை அடுத்தடுத்து வந்து இறங்க வேண்டும். தேறினால் கேப்டன்.

கிளம்புவதில் வீரமணிக்குக் குறையில்லை. பறப்பதிலும் இல்லை. இறங்குவதுதான். ஜாய்ஸ்டிக் குச்சியை இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போகும்; தள்ளினால் கீழே போகும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் தரை பக்கத்தில் வந்ததும் அவனுக்குப் பயம் வந்துவிடும். வெடுக்கென்று இழுப்பான். மூக்கு வானத்தைப் பார்க்கும். ஐயோ என்று தள்ளுவான். மூக்கு மண்ணைப் பார்க்கும். முன்சக்கரம் தரையில் மோதி விமானம் எம்பும். மறுபடி இழுப்பு, மறுபடி தள்ளல். ஓடுதளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் தத்தித் தத்திப் போய், கடைசியில் புல்லில் நிற்கும்.

"குரு," என்றார் கிருஷ்ணப்பன் ஒருநாள், எல்லோர் காதிலும் விழும்படி. "நீங்க ஏரோப்ளேன் ஓட்றீங்களா, தவளை ஓட்றீங்களா?"

அன்றிலிருந்து கிளப்பில் அவன் பெயர் தவளை.

தவறு தன் கையில் இருக்கும் என்று வீரமணிக்குத் தோன்றவேயில்லை. ஜாய்ஸ்டிக்கைச் சந்தேகப்பட்டான். கைப்பிடி நீளமாக இருந்தால் அசைவு மிருதுவாக இருக்கும் என்று யாரோ வீடியோவில் சொன்னதை நம்பி, சொட்டுநீர்ப் பாசனக் குழாயில் ஒரு முழம் வெட்டிச் செருகினான். உள்ளே இருந்த ஸ்பிரிங் முரடு என்று அதில் ஒரு சுற்றைக் கத்தரித்தான். பெட்டி ஆடுகிறது என்று அதற்குக் கனம் வைத்தான்.

"ஏங்க, இஞ்சி தட்டற கல்லு எங்க?"

"அது வந்து... விமானத்துல இருக்கு."

"விமானத்துலயா?"

"அடியில வெச்சிருக்கேன். ஆடாம இருக்கறதுக்கு."

"எடுத்தா வுழுந்துடுமா?"

"எடுக்காமலே வுழுது."

வெண்மதி கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விமானம் முன்போலவே விழுந்தது.

விழும்போதெல்லாம் அவன் நாற்காலியும் சேர்ந்து எம்பும், மேசையில் முட்டியும் இடிக்கும். பக்கத்து வீட்டு தெரசா அக்கா ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன் தம்பி, உங்க வூட்ல மத்தியானமானா யாரு கட்டில்ல இருந்து வுழறது?"

"யாரும் இல்லீங்க அக்கா. நான் சேலத்துல இறங்கறேன்."

"பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னாடி இறங்காதப்பா. மெதுவா இறங்கு."

ஒவ்வொரு இடிக்கும் குழந்தை விழித்துக்கொள்ளும். வெண்மதி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குவாள். ஒரு வார்த்தை திட்ட மாட்டாள். திட்டினால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தருமபுரியில் கான்வென்ட்டில் படித்தவள் வெண்மதி. மேடையேறி ஆங்கிலத்தில் பேசச் சொன்னாலும் கை நடுங்காதவள். குழந்தை பிறந்த நாளிலிருந்து அவளுக்கு எல்லாமே பயமாகிவிட்டது. விட்டத்தில் புடவையால் ஏணை கட்டிப் போட்டால் குழந்தை தானாகத் தூங்கும் என்று தெரசா அக்கா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். வெண்மதி அண்ணாந்து கொக்கியைப் பார்ப்பாள். அது கழன்று வருவது அவள் கண்ணுக்குத் தெரியும். வேண்டாம் என்றுவிடுவாள். பாயில் படுக்கவைத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். குழந்தை அசைந்தால் ஏன் அசைகிறது, அசையாவிட்டால் ஏன் அசையவில்லை. அவள் ஒழுங்காகத் தூங்கி மாதக்கணக்காகியிருந்தது. கண்ணுக்குக் கீழே மை பூசினதுபோல் ஆகிவிட்டது.

வீரமணி கல்மனசுக்காரன் இல்லை. "நீ போய்ப் படு, பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று ஒருநாள் வாங்கி மார்பில் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். தலைக்கு மேலே மின்விசிறி, மார்பில் குழந்தையின் வெதுவெதுப்பு, உள்ளே வெண்மதி வைத்த கத்தரிக்காய்க் குழம்பு. கண்ணைத் திறந்தபோது வெண்மதி எதிரே நின்றுகொண்டிருந்தாள். குழந்தை மார்பிலிருந்து சரிந்து மடிக்கு வந்து, தலை தொடைக்கு வெளியே தொங்கியபடி தூங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வெண்மதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவன் கையில் அவள் குழந்தையைக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்கிற மூஞ்சி அவனுக்கு இல்லை.

பரீட்சைக்கு முந்தின புதன்கிழமை கேஸ் சிலிண்டர் வந்தது.

வீரமணி அப்போது ஓடுதளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் வாசலில் கத்தினார். கேட்டில் பூட்டு. பழைய சிலிண்டர் பின்கட்டில். வெண்மதிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு விநாடி யோசித்தாள். பிறகு தூங்குகிற குழந்தையைக் கொண்டுவந்து அவன் மார்பில் சாத்தினாள்.

"புடிங்க. தூங்கிடாதீங்க."

"விமானத்துல எப்படி தூங்குவேன்?"

இடது கையால் குழந்தையை அணைத்துக்கொண்டான். அப்போதுதான் சங்கடங்கள் வரிசையாகத் தெரிந்தன. இடது கைதான் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற கை. அது இப்போது குழந்தைக்குச் சொந்தம். சரி, வேகம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று விட்டான். எவ்வளவு வேகமாக இறங்குகிறோம் என்று காட்டும் முள் திரையின் அடியில் இருந்தது. அவன் எப்போதும் அந்த முள்ளைத்தான் துரத்துவான். முள் ஆடினால் இவன் ஆடுவான், இவன் ஆடினால் முள் இன்னும் ஆடும். அந்த முள்ளை இப்போது குழந்தையின் தலை மறைத்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் நிமிர்ந்து ஓடுதளத்தின் தூரக் கோடியைப் பார்த்தான். வலது கையை வெடுக்கென்று இழுத்தால் தோள் குலுங்கும். குலுங்கினால் விழித்துக்கொள்வாள். ஆகவே இழுக்கவில்லை. இழுக்கலாமா என்று கேட்பதுபோல் விரலால் லேசாகச் சொன்னான்.

விமானம் கேட்டது. மூக்கு ஒரு நூல் உயர்ந்தது. பின்சக்கரங்கள் தரையைத் தொட்டதுகூடத் தெரியவில்லை. முன்சக்கரம் தாமதமாக, மரியாதையாக இறங்கியது. தவளை இல்லை. தத்தல் இல்லை. விமானம் நடுக்கோட்டிலேயே ஓடிப்போய் நின்றது.

"வெண்மதீ!" என்று அவன் கத்தினான். கிசுகிசுப்பாகத்தான்.

அவள் வாசற்படியில் சிலிண்டரோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை குழந்தை இல்லாமல் இறங்கினான். தவளை. மறுபடி இறங்கினான். அதைவிடப் பெரிய தவளை. வீரமணி யோசித்தான். கையில் கனம் இருந்ததுதான் காரணம் என்று பட்டது. வெள்ளிக்கிழமை, குழந்தையின் எடைக்குச் சமமாக ஒரு துணிப்பையில் ராகி மாவைக் கட்டி மார்பில் அணைத்துக்கொண்டான். ராகி மாவு விழித்துவிடும் என்று யாரும் பயப்படுவதில்லை. முதல் குதிப்பிலேயே பை அவிழ்ந்தது.

"கழுத்தெல்லாம் என்னாங்க அது?"

"ராகி."

"களி கிண்டணும்னா சொல்லியிருக்கலாமே?"

"இது வேற."

"பாப்பாவ மட்டும் கேக்காதீங்க," என்றாள் வெண்மதி துடைப்பத்தைக் கொடுத்தபடி. "நான் அவள கீழ வுடறதா இல்ல."

அந்த இடத்தில்தான் வீரமணியின் மூளையில் திட்டம் உதித்தது. விமானத்துக்காகக் குழந்தையைக் கேட்டால் தர மாட்டாள். பாசத்துக்காகக் கேட்டால்?

சனிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் குரலில் வெல்லப்பாகு காய்ச்சினான்.

"வெண்மதி, உன்னப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு."

"எனக்கென்ன?"

"ராவும் பகலும் தூங்காம... நான் ஒருத்தன் கல்லு மாதிரி உக்காந்திருக்கேனே. பாப்பாவக் குடு. நீ போய் நீட்டிப் படு."

"வேணாங்க. அன்னிக்குப் பாத்தோமே."

"அது அன்னிக்கு. இன்னிக்கு நான் தூங்கவே மாட்டேன். வேணும்னா சும்மா பேருக்கு அந்த விமானத்த ஓட்டிக்கிட்டிருக்கேன், தூக்கம் வராது."

"பேருக்கா?"

"பேருக்குத்தான்."

வெண்மதி வெகுநேரம் யோசித்தாள். குழந்தையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். வீரமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"துணி நனைஞ்சா?"

"நான் மாத்தறேன்."

"அழுதா?"

"நானே ஆத்திக்கறேன். உன்ன எழுப்ப மாட்டேன்."

"பால் கக்கினா துடைக்கணும். அலசிப் போடணும்."

"இஸ்திரிப் பொட்டிகூடப் போட்டுத் தரேன், போதுமா?"

"நாளைக்கும் உங்க பாசம் இருக்குமா, இன்னிக்கோட தீந்துடுமா?"

"நாளைக்கு," என்றான் வீரமணி, பரீட்சையை நினைத்து உருகி, "இன்னும் அதிகமா இருக்கும்."

அரை மனதாக, பெரிய உபகாரம் செய்கிறவள்போல், அவள் குழந்தையைக் கொடுத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். படித்த பெண்ணை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது.

அன்று அவன் இறங்கியதெல்லாம் பட்டு. ஒரு விஷயம்தான் அவன் எதிர்பார்க்காதது. மோவாய்க்குக் கீழே குழந்தையின் உச்சிக்குழி மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது. பறக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சும் அதன் மூச்சும் ஒன்றாகிவிட்டன. ஒருமுறை அதன் மூச்சு சற்று நின்றாற்போல் இருந்தது. குச்சியை விட்டுவிட்டு மூக்கடியில் விரல் வைத்தான். சூடாகக் காற்று வந்தது. விமானம் பாட்டுக்கு மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. இதை அவள் தினம் எத்தனை தடவை செய்கிறாள் என்று நினைத்துப் பார்த்தான். உள்ளறையிலிருந்து சன்னமாகக் குறட்டை கேட்டது. வெண்மதி குறட்டை விடுவாள் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் பரீட்சை. வெண்மதி குழந்தையைக் கொடுத்துவிட்டு உள்ளே தூங்கப் போய்விட்டாள். ஒரு காதில் ஹெட்போன் வழியே கிருஷ்ணப்பன், மார்பில் குழந்தை. முதல் இறக்கம் வெண்ணெய். இரண்டாவது அதைவிட.

"குரு, நிஜமா நீங்கதானா? ஆள் மாறாட்டம் இல்லியே?"

மூன்றாவதில் தரை கைக்கெட்டும் தூரத்தில் வந்தபோது குழந்தை கண்ணைத் திறந்தது. திரையின் வெளிச்சத்தைப் பார்த்தது. எதிரே ஆடிய குழாய்க் கைப்பிடியைப் பார்த்தது. அது வாயில் வைக்கத் தகுந்த பொருள் என்று முடிவு செய்து, இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது.

மூக்கு வானத்துக்கு ஏறியது. பழைய வீரமணியாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஓங்கித் தள்ளியிருப்பான். இப்போது அந்தக் குச்சியில் ஒரு பிஞ்சுக் கை இருந்தது. ஓங்க முடியாது. அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து மெல்ல, அழவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுபோனான். முழங்கையால் இன்ஜின் வேகத்தை முழுக்கத் தள்ளினான். விமானம் இறங்காமல் ஓடுதளத்துக்கு மேலே பறந்து போனது.

"இறங்கலீங்க," என்றான். "திரும்ப வர்றேன்."

வீரமணி ஒரு சுற்று சுற்றி வந்தான். குழந்தை கைப்பிடியைச் சப்பிக்கொண்டிருந்தது. இருவருமாக இறக்கினார்கள்.

"நிதானமா வந்தீங்க குரு," என்றார் கிருஷ்ணப்பன் கடைசியில். "அங்க கோணலா இறக்கியிருந்தா பெயில் போட்டிருப்பேன். நீங்க பாஸு. கேப்டன்."

வீரமணிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. உள்ளே அவள் தூங்குகிறாளே என்று கத்தவில்லை. குழந்தையின் துணி நனைந்திருந்தது. கேப்டனாக அவன் செய்த முதல் வேலை அதை மாற்றியது. பின்கட்டில் உட்கார்ந்து துணியை அலசிக்கொண்டிருந்தபோது வெண்மதி எழுந்துவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. அவள் முகம் அப்படித் தெளிந்து அவன் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஏமாற்றியது ஏமாந்தவளுக்குத் தெரியாமல் போனால் அதில் என்ன சுவாரசியம்?

"வெண்மதி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நான் பாப்பாவ வாங்கினது உனக்காக இல்ல. அவ மார்ல இருந்தாத்தான் எனக்கு விமானம் இறங்குது. அதுக்காகத்தான்."

"தெரியுங்க."

"தெரியுமா?"

"சிலிண்டர் வந்த அன்னிக்கே தெரியும். வாசப்படியில நின்னு பாத்தேன். வெறும் நாற்காலியில குழந்தையோட உக்காந்தா நீங்க தூங்கிடறீங்க. அந்தக் குச்சி கையில இருந்தா கண்ணு இமைக்கறதே இல்ல. நான் தேடிக்கிட்டிருந்தது அப்படி ஒரு ஆளத்தான். முழிச்சிக்கிட்டே என் பாப்பாவ வெச்சிருக்கற ஆள்."

"அப்புறம் ஏன் மறுநாளே குடுக்கல?"

"நானே குடுத்திருந்தா ஒருநாள் உதவியாயிருக்கும். நீங்களா கேட்டு வாங்கினா, துணி அலசறதுவரைக்கும் சேந்து வரும் இல்லீங்களா? ராகி வரைக்கும் போவீங்கன்னு மட்டும் நினைக்கல."

வீரமணி நாற்காலியில் உட்கார்ந்தான். கோபம் வருமா என்று பார்த்தான். வரவில்லை. அவள் முகத்தில் இருந்த அந்தப் பாய்க்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் ஆண்பிள்ளை கௌரவம் என்று ஒன்று இருக்கிறது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. நான்தான் பாஸாயிட்டேனே. இனிமே பழகணும்னு அவசியமில்ல. நாளையில இருந்து மத்தியானம் நான் நிம்மதியா படுத்துத் தூங்கப் போறேன்."

"தூங்குங்க. மத்தியானம் கொஞ்சம் தூங்கறது நல்லதுதான்," என்று சொல்லி, மேசையில் இருந்த அவன் போனை எடுத்து நீட்டினாள்.

கிருஷ்ணப்பனிடமிருந்து செய்தி வந்திருந்தது. கிளப் அறிவித்திருந்த, இருட்டில் விமானம் இறக்கும் பயிற்சிக்குக் கேப்டன் வீரமணி தானாக முன்வந்து பெயர் கொடுத்ததற்கு மகிழ்ச்சி. சொல்லித்தருபவர் அமெரிக்காவில் இருக்கிறார். அவருக்குப் பகல், நமக்கு நடுராத்திரி.

"நான் எப்பப் பேரு குடுத்தேன்?"

"நீங்க துணி அலசிக்கிட்டிருந்தப்ப, உங்க போன்ல," என்றாள் வெண்மதி, குழந்தையை அவன் மார்பில் சாத்தி. "பாப்பா ராத்திரி ஒரு மணிக்குத்தாங்க எந்திரிப்பா. கிளாஸுக்கு நீங்க லேட்டாவ மாட்டீங்க."